டிராக் துகளின் வருகை நேரம்: ஒற்றைப் பரிமாணத்தில் செய்து பார்த்தது

எலக்ட்ரான் டிடெக்டரை எப்போது தொடும்? ஒரு புள்ளி வழியே பாயும் நிகழ்தகவு ஓட்டத்தையே வருகை நேரப் பரவலாகக் கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றும். அது தாங்காது. வலப்பக்கம் செல்லும் உந்தங்களை மட்டும் கலந்தாலும் சில கணங்களில் ஓட்டம் பின்னோக்கிப் பாயும். நிகழ்தகவு மைனஸில் வரமுடியாதே. ஆகவே டிடெக்டரை ஓர் உறிஞ்சும் சுவராகக் கணக்குக்குள்ளேயே வைத்தாக வேண்டும். டிராக் சமன்பாட்டுக்கு (சார்பியலுக்கு இசைந்த, எலக்ட்ரானின் குவாண்டம் சமன்பாடு) இயற்பியலாளர் ரோடரிக் துமுல்கா முன்வைத்த எல்லை நிபந்தனை, அதாவது சுவரில் அலை கீழ்ப்படிய வேண்டிய விதி, இதைத்தான் செய்கிறது. ஒற்றைப் பரிமாணம் என்றால் பைத்தானும் ஒரு மடிக்கணினியும் போதும்.

நிறை, ஒளிவேகம், குறைத்த பிளாங்க் மாறிலி மூன்றையும் 1 என்று வைக்கவும். எலக்ட்ரானுக்கு நீள அலகு 3.86×10⁻¹³ மீட்டர், நேர அலகு 1.29×10⁻²¹ நொடி. கோட்டைச் சம கட்டங்களாக வெட்டவும்: கட்ட இடைவெளி 0.0625, நேரப்படியும் அதே 0.0625. இப்படிச் சமமாக வைப்பதுதான் இந்த முறையின் உயிர். டிராக் அலைக்கு இரண்டு கூறுகள். வலக்கூறு ஒவ்வொரு படியிலும் சரியாக ஒரு கட்டம் வலப்பக்கம் நகரும், இடக்கூறு ஒரு கட்டம் இடப்பக்கம். நிறை இரண்டையும் 0.0625 ரேடியன் சுழற்றிக் கலக்கிறது. பாதிச் சுழற்சி, நகர்த்தல், மீண்டும் பாதிச் சுழற்சி என்ற வரிசையே நல்லது. முழுச் சுழற்சியை ஒரு பக்கம் வைத்தால் சுவரருகே பிழை கூடும். நகர்த்த, பைத்தானின் எண்கணித நூலகமான நம்பையின் (NumPy) ரோல் கட்டளை வேண்டாம். வலச்சுவரில் வெளியேறியது இடக்கோடியில் மறுபடி நுழைந்துவிடும். ஸ்லைஸ் போட்டு நகர்த்தவும்.

சுவர்கள் −60, +60 இல். மொத்தம் 1920 கட்டங்கள். துகளைக் குறிக்கும் அலைப்பொதி மையத்தில், கொசைன் வர்க்க வடிவம், அரை அகலம் 24, அதற்கு வெளியே சுத்த பூஜ்யம். உந்தம் 0.75 எனில் ஆற்றல் 1.25, வேகம் 0.6. வலக்கூறுக்கும் இடக்கூறுக்கும் விகிதம் 2:1. வலக்கூறை மட்டும் நிரப்பினால் 20 சதவீதம் எதிர்மறை ஆற்றலில் (டிராக் சமன்பாடு தரும் இன்னொரு வகைத் தீர்வு) விழுந்து இடப்பக்கம் ஓடும். இரு பங்கும் பிரியும் வரை சராசரி இடம் ஏறத்தாழ 40 படிக்கு ஒருமுறை நடுங்கும்.

வலச்சுவரின் விதி இதுதான்: வெளியேறும் வலக்கூறை கப்பா என்ற எண்ணால் பெருக்கி, உள்ளே வரும் இடக்கூறாக வைக்கவும். அந்தப் படியில் பதிவாகும் நிகழ்தகவு, வெளியேறிய வீச்சின் வர்க்கத்தை (1 − கப்பாவின் வர்க்கம்) ஆல் பெருக்கியது. அதைக் கட்ட இடைவெளியாலும் பெருக்க மறக்கக்கூடாது. இடச்சுவரில் இதையே திருப்பிப் போடவும். உள்ளே மிஞ்சியதும் பதிவானதும் சேர்ந்து எப்போதும் 1 ஆக இருக்க வேண்டும். ஒன்பதாவது தசமத்திலேயே விலகினால் நிரலில்தான் தவறு.

கப்பாவைப் பூஜ்யமாக்கினால் முழுதாக உறிஞ்சும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் கால் பங்கு எதிரொளிக்கும். நிறையுள்ள துகளில் வலப்பக்கம் செல்லும் அலைக்கும் இடக்கூறு உண்டு. அதைச் சுவரில் பூஜ்யமாகக் கட்டாயப்படுத்தினால் திரும்பும் அலை பிறக்கிறது. 3200 படிகள் முடிந்தும் அந்தப் பங்கு உள்ளேயே இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். கப்பா 0.5 என்றால் எதிரொளிப்பு ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கும். பதிவு 1600ஆம் படியை ஒட்டி உச்சம் தொடும். பொது விதி: நிறையை, ஆற்றலும் உந்தமும் கூட்டிய தொகையால் வகுத்தால் கப்பா. உந்தம் 0.1 உள்ள மெதுவான துகளுக்கு இது 0.905. எதிர்மறை ஆற்றலுக்கோ கப்பாவின் குறி மாற வேண்டும், 0.5 வைத்த சுவர் அதில் 64 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எல்லா வேகத்தையும் ஒருசேர விழுங்கும் சுவர் இந்த வகையில் கிடையாது. வருகை நேரம் துகளுக்கு மட்டும் உரியதல்ல, டிடெக்டரும் சேர்ந்து முடிவுசெய்வது என்பதை கப்பா என்ற இந்த ஒரு எண்ணே காட்டுகிறது.

ஒளிக்கூம்புச் சோதனையை, அதாவது எதுவும் ஒளியை முந்தவில்லை என்ற சரிபார்ப்பை, தவறாமல் செய்யவும். பொதியின் விளிம்பிலிருந்து வலச்சுவர் வரை 36 அலகு, அதாவது 576 படி. அதுவரை பதிவு மிகச்சிறிய எண்ணாகக்கூட இருக்கக்கூடாது, அப்பட்டமான பூஜ்யமாகவே இருக்க வேண்டும். ஆனால் பொதியை ஃபூரியர் மாற்றத்தால் நேர்மறை ஆற்றலுக்கு மட்டும் வடிகட்டினால் இந்தப் பூஜ்யம் கெடும். துகள் ஒளியை முந்தவில்லை. நேர்மறை ஆற்றல் மட்டும் கொண்ட டிராக் அலை எந்த வரம்புக்குள்ளும் முழுதாக அடங்காது. அதன் வால் தொடக்கத்திலேயே எல்லைக்கு வெளியே நீண்டிருக்கிறது. அலகு ஒன்றுக்கு ஏறத்தாழ 7 மடங்கு தேய்வதால் 36 அலகு தள்ளி அது 10⁻³² அளவுக்குப் போய் எண்பிழையில் மூழ்கிவிடும். விளிம்புக்கு 3 முதல் 6 அலகு தூரத்தில் ஒரு கோடு வைத்து, தொடக்கக் கணத்திலேயே அதற்கு அப்பால் உள்ள பங்கைக் கூட்டினால் வால் தெளிவாகத் தெரியும்.

டிடெக்டர் 0.6 வேகத்தில் எதிரே வந்தால்? கட்டங்களில் சுவரை நகர்த்தினால் படிக்கட்டு போல வெட்டுப்படும். டிடெக்டரோடு நகரும் சட்டகத்துக்கே (அதோடு பயணிப்பவரின் பார்வைக்கு) போய்விடுவது மேல்: அங்கே துகளின் வேகம் 0.882, உந்தம் 1.875, ஆற்றல் 2.125, கப்பா 0.25. தொடக்கப் பொதியை மட்டும் அப்படியே நகலெடுக்கக்கூடாது. புதிய சட்டகத்தின் ‘ஒரே நேரம்’ பழைய கட்டத்தில் சாய்ந்த கோடு. அந்தக் கோட்டின் மீதுள்ள அலை மதிப்புகளைச் சேமித்து, வலக்கூறை √2 ஆல் பெருக்கி, இடக்கூறை √2 ஆல் வகுத்து அங்கிருந்து தொடங்க வேண்டும்.