மூன்று பிள்ளைகளின் பெயர் தேடி: சம்பந்தி வீட்டு வம்சாவளி இதுவரை

இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டு எடுத்த சென்சஸில், அதற்கு முன் கேட்காத கேள்விகள் சில உண்டு. திருமணமான பெண்களைப் பற்றியவை அவை. இந்தத் திருமணம் ஆகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. என் மருமகளின் அம்மா வழிக் குடும்பத்துக்குப் பூர்வீகம் லங்காஷயரில் பருத்தி ஆலைகள் இருந்த ஓர் ஊர். சம்பந்தியம்மாளின் கொள்ளுத்தாத்தா அந்தப் படிவத்தில் எழுதியிருப்பது: 22, 8, 5, 3.

அதுவும் அவர் கைப்பட எழுதியது. 1901 வரைக்கும் வீட்டார் நிரப்பிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் பெயர்த்தெழுதியதுதான் நமக்குக் கிடைக்கும். 1911இல்தான் வீட்டுக்காரரின் தாளே பத்திரமாக இருக்கிறது. கடைசி எண்ணான 3 மட்டும் மற்றதைவிட அழுத்தமாக விழுந்திருக்கிறது. மை கூடுதலாக இறங்கியிருக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் அந்த மூன்று பேரின் பெயரைக் கண்டுபிடிக்காமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பேரப்பிள்ளைகளின் வம்சாவளியில் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

சென்சஸ் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஓர் இரவு வீட்டில் யார் யார் தங்கினார்கள் என்று மட்டும் சொல்லும். 1891இல் அது ஏப்ரல் 5, 1901இல் மார்ச் 31. இந்த இரண்டு இரவுக்கும் நடுவில் பிறந்து நடுவிலேயே போய்விட்ட பிள்ளை, சென்சஸைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. 1891இல் இந்த வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று. 1901இல் அவளுக்குப் பத்து வயது, அடுத்தவன் ஏழு, அதற்கடுத்தவள் ஒன்று. ஏழுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஆறு வருடம் காலி. அந்தக் காலத்துக் குடும்பத்தில் இப்படி ஓர் இடைவெளி இருந்தால் அங்கேதான் தேட வேண்டும்.

அரசாங்கப் பிறப்புப் பதிவு அங்கே 1837 ஜூலை 1 முதல் இருக்கிறது. அதன் அட்டவணையை இப்போது தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை வைத்தும் தேடலாம். எனக்குப் பெரிய உதவி அதுதான். கணவர் வீட்டுப் பெயர் அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். ஆனால் கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் அயர்லாந்துப் பெயர், அந்த வட்டாரத்தில் அபூர்வம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 1889க்கும் 1911க்கும் இடையில் எட்டுப் பிறப்புகள் வந்தன. படிவத்தில் உள்ள எட்டோடு கச்சிதமாகப் பொருந்தியது. இருக்கிற ஐவரைக் கழித்தால் மிச்சம் மூன்று: 1891 கடைசியில் ஓர் ஆண், 1896இல் ஒரு பெண், 1898இல் ஓர் ஆண். (இறந்தே பிறந்த குழந்தைகள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களைப் பதியும் வழக்கம் 1927இல்தான் வந்தது.)

முதல் பையனின் பெயரும் 1893இல் பிறந்து உயிரோடிருந்தவனின் பெயரும் ஒன்றே. ஞானஸ்நானப் பதிவேட்டில் 1892 ஜனவரியில் ஒரு முறை, 1893 கடைசியில் இன்னொரு முறை, அதே பெற்றோர், அதே தெரு, அதே பெயர். முதல் பிள்ளையை அடக்கம் செய்த பிறகு அந்தப் பெயரை அடுத்தவனுக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே இது பரவலாக இருந்த பழக்கம். ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானம் கண்ணில் பட்டால் உடனே அடக்கப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

அந்த அடக்கப் பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையில் 1813 முதல் அச்சடித்த படிவம், பக்கத்துக்கு எட்டுப் பேர். பெயர், குடியிருந்த இடம், அடக்கம் செய்த நாள், வயது, ஆராதனை நடத்திய குருவின் கையெழுத்து. அவ்வளவுதான். ஞானஸ்நானப் படிவத்தில் அப்பா அம்மா பெயரும் அப்பாவின் தொழிலும் இருக்கும். அடக்கப் படிவத்தில் பெற்றோருக்குக் கட்டமே கிடையாது. சின்னக் குழந்தை என்றால் பெயரையும் வயதையும் வைத்து யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. தெருப் பெயர்தான் ஒரே பிடி. அதனால் ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் சென்சஸிலும் வருகிற தெருவைத் தேதியோடு ஒரு தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வாடகை வீட்டுக்காரர்கள், அடிக்கடி வீடு மாறியிருக்கிறார்கள். 1897இல் பதினாலு மாதப் பெண் குழந்தையின் அடக்கத்தை அந்தத் தாளை வைத்துத்தான் உறுதி செய்தேன். லங்காஷயர் பாரிஷ் (ஒரு சர்ச்சின் வட்டாரம்) பதிவேடுகளைத் தன்னார்வலர்கள் பெயர்த்தெழுதி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள்; தேட அது போதும். ஆனால் முடிவு செய்வதற்கு முன் மூலப் பக்கத்தின் படத்தை ஒரு முறை பார்த்துவிடுவது என் பழக்கம்.

மூன்றாவது பையன்தான் கிடைக்காமல் இழுத்தடித்தான். 1898 செப்டம்பரில் பிறப்பு. எந்தச் சர்ச் அடக்கப் பதிவேட்டிலும் இல்லை. இறப்பு அட்டவணையில் அந்தப் பெயரில் கைக்குழந்தை யாரும் இல்லை. 1899 மூன்றாம் காலாண்டில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் மட்டும் இருந்தான். ஆனால் அப்படி ஒரு பையனின் பிறப்பு அந்த வட்டாரத்தில் எங்குமே இல்லை. 1891 சென்சஸிலும் இல்லை. பிறக்காதவன் எப்படி இறப்பான்? சான்றிதழின் நகலை வரவழைத்தேன். வயது பதினொரு மாதம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அட்டவணையில் மாதம் வருடமாக ஏறியிருக்கிறது. இறந்த காரணம் வயிற்றுப்போக்கு, ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1899 குழந்தைகளுக்கு மிக மோசமான வருடம்: உயிரோடு பிறந்த ஆயிரத்தில் 163 பேர் ஒரு வயது நிறையவில்லை. கோடை வயிற்றுப்போக்கு ஆலை ஊர்களில் ஏராளமான குழந்தைகளைக் கொண்டுபோனது. அந்த ஆகஸ்டில் கொள்ளுப்பாட்டி அடுத்த பிள்ளையை ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தார். 1901 சென்சஸில் ஒரு வயது என்று இருக்கும் பெண் அந்தப் பிள்ளைதான்.

சரி, எங்கே அடக்கம் செய்தார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஊர்ச் சர்ச்சைச் சுற்றி இடம் நிறைந்துபோக, புதிய கல்லறைத் தோட்டங்களை ஊர் நிர்வாகமே அமைத்தது. அதற்குத் தனிப் பதிவேடு. சர்ச் ஏட்டில் இல்லாதவர்களை அங்கே தேடலாம். திருச்சபையாருக்கு, மற்ற சபையாருக்கு, கத்தோலிக்கருக்கு என்று பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். பையன் கிடைத்தது கத்தோலிக்கப் பகுதியில். மற்ற இரண்டு பிள்ளைகளும் அப்பாவின் சபையில் இருக்க, இவன் மட்டும் ஏன் இங்கே?

கல்லறை எண்ணை வைத்துத் தேடியதும் விடை வந்தது. இந்தப் பதிவேடுகளில் குழிக்கு எண் உண்டு. ஓர் எண்ணில் யார் யாரை வைத்தார்கள் என்று வரிசையாகப் பார்க்கலாம். அந்தக் குழியில் அவனுக்கு மூன்று வருடம் முன்னால் ஒரு பெண்மணி. கொள்ளுப்பாட்டியைப் பெற்ற தாய். குழியை விலைக்கு வாங்கியவர் அந்தத் தாயின் கணவர். பேரனைப் பாட்டியோடு வைத்திருக்கிறார்கள்.

பேரன் மட்டும் அங்கே போயிராவிட்டால் அந்தக் கத்தோலிக்கத் தொடர்பு எனக்குத் தெரியவே வந்திருக்காது. வாங்கியவரைப் பற்றி 1881 சென்சஸில் பிறந்த இடம் 'அயர்லாந்து' என்று ஒரே சொல். மாவட்டமோ ஊரோ இல்லை. அதோடு அந்தக் கிளை நின்றிருந்தது. அயர்லாந்தில் 1821 முதல் 1851 வரை எடுத்த சென்சஸ் தாள்களில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போய்விட்டது. எரியாமல் மிஞ்சியவற்றில் முக்கியமானவை கத்தோலிக்கப் பாரிஷ் பதிவேடுகள். அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றின் படங்களை 2015 முதல் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் பாரிஷ் தெரியாமல் அதில் இறங்கினால் கரை காண முடியாது.

அந்த ஊர்ப் பெயருக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. அவர் திருமணம் லங்காஷயரிலேயே நடந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருமணப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். சில குருக்கள் மாப்பிள்ளை, பெண் இருவரின் பெற்றோர் பெயரையும், சில சமயம் அயர்லாந்தில் எந்த ஊர் என்பதையும் எழுதியிருப்பார்கள். பிரெஸ்டனில் உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் என்னென்ன கத்தோலிக்கப் பதிவேடுகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்துவிட்டேன். அடுத்து மருமகளும் சம்பந்தியம்மாளும் நேரில் போய்ப் பார்க்கப்போகிறார்கள். தெருப் பெயர்த் தாளின் நகலை இருவருக்கும் அனுப்பியாயிற்று.