பீடிக் கணக்கை முடித்துப் பென்ஷன் வாங்கும் வழி

மனு திரும்பி வந்தால் முதலில் பெயரைப் பாருங்கள். நெல்லை வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) மனுக்களில் அதிகம் இடறியது அங்கேதான். கம்பெனிப் பதிவில் முத்துலட்சுமி, ஆதாரில் முத்துலெட்சுமி. கல்யாணத்துக்கு முன்பே தட்டை மடியில் வைத்தவர்களுக்குப் பழைய பதிவில் அப்பா பெயர் கிடக்கும். பிறந்த தேதி தெரியாத இடத்தில் யாரோ ஜனவரி 1 என்று எழுதியிருப்பார்கள். ஒரே தெருவில் நாலு இசக்கியம்மாள் இருக்கிற ஊர்களில், ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள் என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும்.

இதைத் திருத்துவதற்குத்தான் ஜாயின்ட் டிக்ளரேஷன், அதாவது உறுப்பினரும் கம்பெனியும் சேர்ந்து தரும் திருத்த மனு. யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணோடு உறுப்பினர் இணையதளத்தில் நுழைந்து திருத்தம் கேட்க வேண்டும். பழைய எண்களுக்குக் கம்பெனியும் ஒப்புதல் தர வேண்டியிருக்கும். கம்பெனி மூடிப்போயிருந்தால் தாளில் எழுதி, கெசட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கிப் பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கலாம். பிறந்த தேதிக்கு ஆதார் மட்டும் போதாது என்று 2024 ஜனவரியில் சொல்லிவிட்டார்கள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பான் அட்டை இவற்றில் ஒன்று வேண்டும். எதுவும் இல்லாதவர்கள் சிவில் சர்ஜன் தரும் வயதுச் சான்றோடு நீதிமன்ற அஃபிடவிட்டும் வைக்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். பென்ஷன் 58 வயதில் என்பதால் 56 வயதிலேயே தொடங்கிவிடுங்கள்.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களும் ஊழியர்களே, அவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆகவே இது யாரும் இரங்கிக் கொடுக்கிற பணம் இல்லை. ஆனால் மாமியார் பெயரில் கம்பெனி தந்த பாஸ்புத்தகத்தில் மருமகள் சுற்றிப்போட்டால், பணம் மாமியார் கணக்கில்தான் ஏறும். பிற்பாடு அதைப் பிரிக்க வழியே கிடையாது. தன் பெயரில் புத்தகம் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

பெரும்பாலான தொழில்களில் கூலியில் 12 சதவீதம் பிடிப்பார்கள். பீடித் தொழிலில் 10. கம்பெனி போடுகிற 10இல் 8.33 பென்ஷன் நிதிக்குப் போகும், மீதி 1.67 பி.எஃப். கணக்கில் சேரும். மாதக் கூலி 5,000 என்றால் பென்ஷனுக்குப் போவது ஏறத்தாழ 416 ரூபாய். 58 வயது முடிந்த பிறகும் வேலை தொடர்ந்தால் இந்தப் பங்கும் பி.எஃப்.புக்கே வர வேண்டும். சில கம்பெனிகள் பழக்கத்தில் பென்ஷனுக்கே கட்டிவிடும். அதைச் சரிசெய்யும்வரை மனு நகராது. பீடி இலை வராமல் வேலை நின்ற நாட்களைப் பங்களிப்பில்லாத நாட்களாகக் காட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அந்த நாட்கள் சேவையிலிருந்து கழிக்கப்படும்.

எங்களுக்கு மிகவும் மனசு வலிக்கிற இடம் பென்ஷன் நிதிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் படிவம் 10சி. மகள் கல்யாணச் செலவு வந்ததும் "மொத்தமா வாங்கிருதேன்" என்று சொல்லிப் பி.எஃப்.புக்கான படிவம் 19ஓடு சேர்த்து 10சியிலும் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். பத்து ஆண்டு நிறையாதவருக்குப் பென்ஷன் பணம் திரும்பக் கிடைக்கும்தான். ஆனால் அதுவரையிலான சேவை முழுக்க அழிந்துபோகும். ஒன்பது ஆண்டு சேவைக்குக் கிடைப்பது மாதக் கூலியைப் போல ஒன்பது மடங்குக்குக் கொஞ்சம் மேல். 5,000 கூலிக்கு ஐம்பதாயிரத்தைத் தொடாது. பத்தாண்டு ஆகியிருந்தால் 58இல் குறைந்தது மாதம் 1,000 ரூபாய் பென்ஷன். நாலு ஆண்டில் அந்தத் தொகை திரும்பிவிடும், அதன்பிறகு ஆயுள் முழுக்க வரும். அவர் காலத்துக்குப் பின் வீட்டுக்காரருக்கும் உண்டு. ஒன்பது ஆண்டு ஆறு மாதம் இருந்தாலே பத்து என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகையால் மாதங்களை எண்ணாமல் கைநாட்டு வைக்காதீர்கள். வேலையை விட்டே ஆக வேண்டுமென்றால் அதே 10சியில் பணத்துக்குப் பதிலாக, இதுவரையிலான சேவையைக் காட்டும் ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் கேளுங்கள். நாளைக்கு வேறு கம்பெனியில் சேர்ந்தால் பழைய சேவையும் கூட வரும்.

கணக்கு இப்படி: கடைசி 60 மாதச் சராசரிக் கூலியைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். இருபது ஆண்டு முடித்து 58இல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேரும். 5,000 கூலிக்கு 22 ஆண்டு என்றால் 1,571 ரூபாய். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் 58க்குக் குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. முடிந்தவரை காத்திருப்பதே நல்லது.

மனு போடும் முன் வேலைவிட்ட தேதி பதிவாகியிருக்க வேண்டும். கம்பெனி போடாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுப்பினரே போட்டுக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன் அம்மாவை நியமனதாரராகப் போட்டிருந்தால் அது செல்லாது. குடும்ப விவரத்தோடு இ-நாமினேஷன் புதிதாகச் செய்யுங்கள். அது இல்லாமல் ஆன்லைனில் பென்ஷன் மனுவான படிவம் 10டி திறக்காது. வங்கிக் கணக்கு தன் ஒருவர் பெயரில் இருக்கட்டும். பிள்ளையோடு சேர்ந்த கூட்டுக் கணக்கென்றால் பி.எஃப். மனு திரும்பிவிடும்.

வரி பற்றிப் பயப்பட அதிகம் இல்லை. ஐந்து ஆண்டுத் தொடர் சேவை இருந்தால் பி.எஃப். பணத்துக்கு வரி கிடையாது. அதற்குள் எடுத்து, தொகை 50,000 ஆகிவிட்டால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் இல்லையென்றால் 20.

பென்ஷன் வரத் தொடங்கியபின் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச்சான்று. கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். பீடி முனையை மடித்து மடித்தே தேய்ந்த பெருவிரலில் ரேகை விழாது. இயந்திரம் பலமுறை மறுத்தால் அலைக்கழியாதீர்கள். முகம் காட்டிப் பதிய ஜீவன் பிரமாண் செயலி இருக்கிறது. முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியையும் போனில் ஏற்றிக்கொண்டு, பெரியம்மாவை வாசல் வெளிச்சத்தைப் பார்க்க உட்காரவைத்து, கண்ணை ஒருமுறை மெல்ல மூடித் திறக்கச் சொல்லுங்கள்.