தம்பியின் கணைய அழற்சியைக் கண்டுபிடிக்க அலைந்த கதை

கணையம் சுரக்கும் செரிமான நொதிகளான அமைலேஸ், லைபேஸ் இரண்டும் இரத்தத்தில் இயல்பாக இருக்கின்றன, ஆகவே கணையத்தில் கோளாறு இல்லை என்று யாரேனும் சொன்னால், அதை மட்டும் நம்பி வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், ஒரு மாங்காய் சீசனில் தம்பிக்குத் தொடங்கிய வயிற்று வலிக்கு அடுத்த சீசன் முடிந்த பிறகுதான் பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் நாள்பட்ட கணைய அழற்சி. அவனுக்கு வயது 27. குடிப்பழக்கமோ புகைப்பழக்கமோ கிடையாது.

வலி நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி முதுகு வரை ஊடுருவும். சாப்பிட்ட பிறகு, அதிலும் எண்ணெய்ப் பண்டமோ பிரியாணியோ சாப்பிட்ட பிறகு, அதிகமாகும். மல்லாந்து படுக்க முடியாது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் சற்றுக் குறையும். வாயு என்றார்கள், சூடு என்றார்கள், குடலேற்றம் என்று சொல்லி ஒரு பாட்டியிடம் எண்ணெய் தேய்த்துத் தட்டியும் பார்த்தார்கள். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் லேசான புண் இருப்பதாக வந்ததும் ‘அல்சர்’ என்ற முத்திரை விழுந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, காரத்தைக் குறைக்க வேண்டும் என்ற அறிவுரை, அத்துடன் முடிந்தது. அதன் பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த எண்டோஸ்கோப்பி அறிக்கையைப் பார்த்துவிட்டு அதே மாத்திரையையே எழுதினார்கள்.

கணையத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. தனியார் மருத்துவமனை ஒன்றில் இரத்தப் பரிசோதனை எடுத்து, அமைலேஸும் லைபேஸும் இயல்பு என்றார்கள். “குடிப்பீங்களா தம்பி?” என்று கேட்டார் அந்த மருத்துவர், இல்லை என்று அவன் சொல்ல, நம்பாமல் என் பக்கம் திரும்பி மறுபடி கேட்டார். நானும் இல்லை என்றதும், “அப்போ கணையத்துல ஒண்ணும் இருக்காது” என்று முடித்துவிட்டார். அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதத்தில் தம்பி கூனிக் குறுகிப்போனான். திடீரென வரும் அழற்சியில்தான் இந்த நொதிகள் பல மடங்கு உயரும் என்பதும், பல காலமாகச் சிதைந்துவந்த கணையத்தில் அவற்றைச் சுரக்கும் திசுவே குறைந்துவிடுவதால் அளவு இயல்பாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கலாம் என்பதும் வெகு காலம் கழித்தே எங்களுக்குத் தெரியவந்தன.

அதே நாளில் எடுத்த அல்ட்ராசவுண்ட் அறிக்கையின் முடிவுப் பகுதியில் ‘குறிப்பிடத்தக்க கோளாறு இல்லை’ என்றிருந்தது. ஆனால் உள்ளே, கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த பட்டியலில், கணையத்துக்கு நேராக, குடல் வாயு மறைப்பதால் சரியாகப் பார்க்க இயலவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். பார்க்கவே முடியாத உறுப்பைக் கோளாறு இல்லாத உறுப்பாக எண்ணி எல்லோரும் கடந்துபோயிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இப்படி ஓர் அறிக்கை இருந்தால் முடிவுப் பகுதியோடு நிறுத்தாமல், கணையத்துக்கான அந்த ஒற்றை வரியைத் தேடிப் படியுங்கள். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு அது. அல்ட்ராசவுண்டில் தெரியாமல் போவது வழக்கமானதுதான். தெரியவில்லை என்றால் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

இதற்கிடையில் அவன் இளைத்துக்கொண்டே போனான். மலம் வெளிறி, பிசுபிசுப்பாக, எண்ணெய் மிதக்க, கடும் நாற்றத்துடன் போவதாகவும், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டிருப்பதாகவும் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். எந்த மருத்துவரும் அதைக் கேட்கவில்லை, கூச்சத்தில் அவனாகவும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்க வந்த பெண், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்த தம்பியைப் பார்த்துவிட்டு அவன் விரலிலும் குத்திப் பார்த்தார். சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. 2021-இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள்; எங்களைப் பொறுத்தவரை அது தன் செலவை அந்த ஒரு குத்திலேயே ஈடுகட்டிவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த இளம் மருத்துவர்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். ஒல்லியான இளைஞன், குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லை, பல மாதங்களாக வயிற்று வலி. இவற்றைக் கேட்டுக்கொண்டு அவர் கேட்ட அடுத்த கேள்விகள் இரண்டு: மலம் எப்படிப் போகிறது, குனிந்து உட்கார்ந்தால் வலி குறைகிறதா? பிறகு அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, வயிற்றுப் பகுதிக்குச் சாதாரண எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். ஸ்கேன் கூட இல்லை, வெறும் எக்ஸ்ரே. முதுகெலும்பின் இரு பக்கமும், இடுப்புக்கு மேலே, நொய்யரிசியை அள்ளித் தெளித்தாற்போல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தன. அவை கணையத்தில் படிந்த சுண்ணாம்புக் கற்கள். எல்லா நோயாளிக்கும் எக்ஸ்ரேயில் இப்படித் தெரியாது என்றும், தெரியாவிட்டால் நோய் இல்லை என்று கொள்ளக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார். தம்பிக்குத் தெரிந்தது.

சி.டி. ஸ்கேனில் நோய் உறுதியானது: கணையம் சுருங்கி, கணைய நீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் நாளம் விரிந்து, உள்ளே கற்கள். ஆனால் அந்த ஸ்கேனை எடுப்பதற்குள் பட்ட பாடு தனி. நரம்பு வழியாக மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன் என்பதால் சிறுநீரகம் நன்றாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அறிக்கை வேண்டும். தொலைபேசியில் நேரம் குறித்துக் கொடுத்தவர் வெறும் வயிற்றோடு வரச் சொன்னாரே தவிர, இதைச் சொல்லவில்லை. பட்டினியாகப் போய் உட்கார்ந்திருந்த பையனைக் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எடுக்கலாமென்று போன இடத்தில், குடும்ப அட்டையில் இருந்த அவன் பெயர் காப்பீட்டு அட்டையில் விடுபட்டிருப்பது தெரிந்தது. அதைச் சேர்க்கும் வரை வலி காத்திருக்காது என்பதால் கைக்காசில் எடுத்தோம். வீட்டில் எல்லோர் பெயரும் அந்த அட்டையில் இருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, அறிக்கையுடன் சேலத்தில் குடல் இரைப்பை நிபுணரைப் பார்க்கப் போனோம். அவர் காகிதத்தை ஒதுக்கிவிட்டு, படங்கள் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டார். கல் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது, நாளம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைத் தாமே படத்தில் பார்க்காமல் சிகிச்சையை முடிவு செய்ய மாட்டேன் என்றார், அது நியாயம்தான். ஸ்கேன் மையத்திலோ, கேட்டால்தான் தருவோம் என்றார்கள், கேட்டபோது கணினி வேலை செய்யவில்லை என்றார்கள், பிறகு அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். ஸ்கேன் எடுத்த அன்றே, பணம் கட்டும்போதே, குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மல எலாஸ்டேஸ் பரிசோதனையில் நடந்ததை இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது, அன்று அழுகைதான் வந்தது. கணையம் செரிமான நொதியைப் போதுமான அளவு சுரக்கிறதா என்பதை அளக்கும் பரிசோதனை இது. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் இயல்பு, 100-க்கும் கீழே போனால் கடுமையான குறைபாடு. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சேகரிப்பு மையத்தில் சீட்டைப் பார்த்த பையன் தலையாட்டிக்கொண்டு மாதிரியை வாங்கி வைத்தான். முடிவு வந்தபோது, புழு முட்டை இல்லை, அமீபா இல்லை என்று எழுதியிருந்தது. வழக்கமான மலப் பரிசோதனையைச் செய்து பணமும் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாம் முறை, பெங்களூருக்கு அனுப்பும் வேறொரு ஆய்வகத்தில், ரசீதில் பரிசோதனையின் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மாதிரியைக் கொடுத்தோம். தண்ணீராகப் போகும் மலத்தைக் கொடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதால், வயிற்றுப்போக்கு இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். முடிவு 100-க்கு வெகு கீழே இருந்தது. பித்த நாளத்தையும் கணைய நாளத்தையும் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும், கால்சியம், டிரைகிளிசரைடு முதலிய இரத்தப் பரிசோதனைகளும் சிக்கலின்றி முடிந்தன. வைட்டமின் டி மட்டும் குறைவு.

குடிக்காதவனுக்கு இது எப்படி வந்தது என்ற கேள்விக்கு நிபுணர் பொறுமையாகப் பதில் சொன்னார். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்குக் கணையத்தில் கற்களோடும் சர்க்கரை நோயோடும் வரும் ஒரு வகை பல பத்தாண்டுகளாக அறியப்பட்டிருக்கிறது; அவர்களில் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. ஒரு காலத்தில் மரவள்ளிக் கிழங்கின் மேல் பழி போட்டிருந்தார்கள், அது நிரூபணமாகவில்லை. தருமபுரியில் மரவள்ளி பயிரிடும் எங்கள் மாமா இதைக் கேட்டு நிம்மதியானார். அதுவரை உறவினர்கள் எல்லோரும் அவர் அனுப்பிய கிழங்கைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சர்க்கரைக்கு இப்போது இன்சுலின் போடுகிறான். கணையம் சிதைந்து வரும் சர்க்கரை நோயில், சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனும் குறைந்துவிடுவதால் திடீரென்று தாழ்சர்க்கரை ஏற்படும் ஆபத்து அதிகமாம். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் வைத்திருக்கிறான். நாளத்தை அடைத்திருக்கும் கல்லை வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைப்பதற்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

கணையம் சுரக்காத செரிமான நொதிக்கு ஈடாகக் கொடுக்கும் நொதி மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துப் போட்டால் பயன் குறைவு. தம்பிக்கு ஒவ்வொரு வேளைக்கும் 25,000 யூனிட் லைபேஸ் கொண்ட கேப்சூல் எழுதியிருந்தார்கள். அது இருப்பில் இல்லாததால் மருந்துக்கடைக்காரர், “இதுவும் ஜீரணத்துக்குத்தாங்க” என்று ஒரு சிரப்பைக் கையில் திணித்தார். இன்னொரு கடையில் அதே பெயரில் 10,000 யூனிட் கேப்சூலைக் கொடுத்தார்கள். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் லைபேஸ் அளவைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். நாங்கள் கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் சொல்லிவைத்து, முந்தைய அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வரவழைத்துக்கொள்கிறோம்.