கடைக்காரத் தம்பி

"மகன்ர பேரும் பிறந்த வருசமும்தான் தம்பி, அடியும்."

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய கடிதத்தைப் பிரிண்ட் எடுக்க வந்த அம்மா, நின்ற எல்லோருக்கும் கேட்க மின்னஞ்சல் பாஸ்வேர்டைச் சொன்னார்.

தம்பி கீபோர்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
"நீங்களே அடியுங்கோ அம்மா."

நல்ல பிள்ளை.

பேரும் வருசமும் ஊருக்கே தெரியும். பாஸ்வேர்டுக்குப் பலம் நீளம்தான். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி (NIST) 2017இலேயே, காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள், நீளமானதை அனுமதியுங்கள் என்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு ஒன்று, முகநூலுக்கு வேறொன்று.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளே, அடுத்த வீடியோ கோலில் அம்மாவின் போனில், பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட வையுங்கள்.