இரண்டுக்கு இரண்டு

போன வாரம் அக்கா மகன் இரண்டு நாள் என்னோடு இருந்தான். ஒன்பது வயது. கால்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். சரி, இவனுக்கு எதைப் போட்டுக் காட்டலாம் என்று யோசித்தபோது கேப்டன் சுபாசா என்ற ஜப்பானிய கால்பந்து கார்ட்டூன் தொடர் ஞாபகம் வந்தது. 2018ல் புதிதாக எடுத்தார்களே, 52 எபிசோட், அதை முதலிலிருந்து ஆரம்பித்தோம். பழையது 1983ல் தொடங்கி 128 எபிசோட் போனது, அதற்கும் முன்னால் 1981ல் யோய்ச்சி தகாஹாஷி ஒரு ஜப்பானிய வார இதழில் வரைய ஆரம்பித்த படக்கதை அது. நான் எழுத வந்தது மொத்தத் தொடரைப் பற்றி இல்லை. ஆரம்பத்தில் வரும் அந்த இரண்டு பள்ளிகளின் மோதலைப் பற்றி மட்டும்தான். அதைப் பார்த்து முடித்து நாலு நாள் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானில் ஷிசுவோகா மாகாணம், நான்கட்சு என்று ஒரு கற்பனை ஊர். அங்கே இரண்டு ஆரம்பப் பள்ளிகள். ஒன்று ஷுடெட்சு, தனியார் பள்ளி, வசதியான பள்ளி, அவர்களின் கால்பந்து அணிக்கு நாடு முழுக்கப் பெயர். இன்னொன்று ஊர்ப் பெயரையே வைத்திருக்கும் நான்கட்சு ஆரம்பப் பள்ளி. ஷுடெட்சு என்ற பெயரைக் கேட்டாலே இவர்களுக்குத் தோற்ற நினைவுதான் வரும். இந்த இரண்டு பள்ளிப் பசங்களும் விளையாட இடத்துக்காக மல்லுக்கு நிற்கும் நேரத்தில்தான் சுபாசா ஓசோரா என்ற பதினோரு வயதுப் பையன் அந்த ஊருக்குக் குடிவருகிறான். பந்தைக் காலை விட்டுப் பிரிக்கத் தெரியாத பையன்.

ஷுடெட்சுவின் கேப்டன் கென்சோ வகாபயாஷி. கோல்கீப்பர். தலையில் எப்போதும் ஒரு தொப்பி, வீட்டிலேயே தனிப் பயிற்சியாளர், யாரையும் மதிக்காத பார்வை. கோல் கம்பத்துக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து இவனுக்கு யாரும் கோல் போட முடியாது என்பது அந்த ஊரில் எழுதப்படாத சட்டம் மாதிரி. ஊருக்கு வந்த முதல் நாளே சுபாசா என்ன செய்கிறான் தெரியுமா? ஒரு பந்தின் மேல் சவாலை எழுதி, குன்றின் உச்சியில் நின்று, கீழே தெரியும் வகாபயாஷியின் வீட்டைப் பார்த்து உதைக்கிறான். கடிதத்துக்குப் பதில் பந்து! இந்தக் காட்சியில் அக்கா மகன் எழுந்து நின்றுவிட்டான். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, சின்ன வயதில் பார்த்தபோதும் இதே இடத்தில்தான் சிலிர்த்தது.

ஆனால் பையன் யார் பக்கம் சேர்ந்தான் தெரியுமா? வகாபயாஷி பக்கம்! அந்தத் தொப்பி அவனுக்குப் பிடித்துவிட்டது. "சித்தி, நான் ஷுடெட்சு, நீங்க நான்கட்சு" என்று அவனே பிரித்துவிட்டான். அப்புறம் ஒரே சோபாவில் உட்கார்ந்து இரண்டு பேரும் எதிரிகள்.

இப்போது பெரியவளாகப் பார்க்கும்போது என் கண் சுபாசா மேல் நிற்கவே இல்லை. இஷிசாகி மேல்தான் போனது. ரியோ இஷிசாகி, நான்கட்சு பள்ளி அணியின் கேப்டன். பெரிய திறமை ஒன்றும் கிடையாது, குரங்குச் சேட்டை, சத்தம், கோபம். ஷுடெட்சுவிடம் அடிவாங்கி அடிவாங்கியே வளர்ந்த அணிக்கு அவன் தலைவன். சுபாசா வந்தபிறகுதான் எல்லாம் மாறுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் சுபாசா வந்து சேர்வதற்கு ஒரு அணி என்று அங்கே இருந்ததே, அது யாரால் இருந்தது? ஒவ்வொரு தடவையும் தோற்றுவிட்டு, மறுநாள் சாயங்காலம் மறுபடியும் பந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்ற இஷிசாகியால்தான். ஜெயிக்கிற அணிக்குக் கேப்டனாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. தோற்கிற அணியில் பதினோரு பேரைக் கலையாமல் கூட்டிவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அதேபோல் சனாயே. நான்கட்சு பள்ளியின் உற்சாகக் குழுவுக்குத் தலைவி. பசங்கள் எல்லாம் அவளை அக்கா என்கிற அர்த்தத்தில்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு அதட்டல். கொடியை ஆட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவாள். தோற்பார்கள் என்று தெரிந்த அணிக்காகக் கொடி தைத்து வைத்திருக்கிற பெண். எத்தனை கதைகளில் இப்படி ஒருத்தியைக் காட்டியிருக்கிறார்கள்?

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவள். எங்கள் பள்ளிக்கும் பக்கத்தில் இருந்த இன்னொரு பள்ளிக்கும் வருடா வருடம் வாலிபால் போட்டி நடக்கும். நான் ஆடியதில்லை, ஓரத்தில் நின்று கத்துவேன். நான் படித்த ஆறு வருடமும் நாங்கள் தோற்றோம். தோற்றது ஒன்றும் வலிக்கவில்லை, அதற்கப்புறம் நடந்ததுதான். அந்தப் பள்ளி சீருடையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு விதி, பெரிய வகுப்பு அக்காக்கள் சொல்லிக்கொடுத்தது, ஆசிரியர்களும் அதைத் தடுக்கவில்லை. அந்த அணியில் ஒரு பெண் இருந்தாள், அவள் சர்வீஸ் போடும் அழகை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிப் பார்க்க முடியும். நான்கு வருடம் ஒரே பஸ் நிறுத்தத்தில், கையெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறோம். ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ நன்றாக ஆடுகிறாய் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது, சொல்லவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

சுபாசாவும் வகாபயாஷியும் முதலில் தனியாக மோதிக்கொள்கிறார்கள், ஒருவன் அடிக்க ஒருவன் தடுக்க. அதில் தெளிவான முடிவு வருவதில்லை, பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் தீர்த்துக்கொள்வது என்று ஆகிறது. இதற்கிடையில் ரொபெர்டோ ஹோங்கோ வருகிறார். பிரேசில் அணிக்கு ஆடியவர், விழித்திரைக் கோளாறால் ஆட்டத்தையே விட வேண்டி வந்தவர். சுபாசாவின் அப்பா ஒரு கப்பல் கேப்டன், அவருடைய நண்பராக ரொபெர்டோ வந்து அந்த வீட்டிலேயே தங்கி, பையனுக்குக் கற்றுக்கொடுக்கிறார். அப்புறம் தாரோ மிசாகி. அப்பா ஓவியர், ஊர் ஊராகப் போய் வரைகிறவர், அதனால் எந்தப் பள்ளியிலும் மிசாகி நிலையாக இருந்ததில்லை. அவன் நான்கட்சுவில் வந்து சேர்கிறான். சுபாசாவும் அவனும் முதல் தடவை சேர்ந்து ஆடும்போதே, பல வருடம் பழகியவர்கள் மாதிரி பந்து தானாகப் போய் வருகிறது.

இதில் ஒன்று கவனித்தேன். சுபாசா, மிசாகி, ரொபெர்டோ, மூன்று பேருமே வெளியிலிருந்து வந்தவர்கள். ஷுடெட்சு என்றால் பயப்பட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளூர்ப் பசங்களுக்கு அந்தப் பயம் தாய்ப்பால் மாதிரி ஊறியிருக்கிறது, யார் ஆரம்பித்தது என்று கூடத் தெரியாது. சுபாசாவுக்கு வகாபயாஷியைப் பார்த்தால் எதிரியாகவே தெரிவதில்லை, அட, இவ்வளவு நல்ல கீப்பரா என்று சந்தோஷப்படுகிறான்! அவனுக்கு எதிரில் நின்று அடித்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்ததே என்று குதிக்கிறான்.

ஆட்டம் பல எபிசோடுகளுக்கு நீள்கிறது. கேப்டன் சுபாசா பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மைதானத்துக்கு முடிவே கிடையாது. ஒருவன் பந்தோடு ஓட ஆரம்பித்தால் தொடுவானத்துக்கு அப்பால் கோல் கம்பம் மெதுவாக எழும்பி வரும், நடுவில் நாலு பேரின் பழைய நினைவுகள் வேறு ஓடி முடியும். பலருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். எனக்கு இது மிகவும் பிடிக்கும். பதினோரு வயதில் நேரம் அப்படித்தான் ஓடும். ஒரு பந்து காற்றில் போகும்போது உலகமே நின்றுவிடும், அந்த இரண்டு விநாடியில் ஒரு முழு வாழ்க்கை இருக்கும். வரைந்தவருக்கு அந்த வயது நன்றாக நினைவில் இருந்திருக்கிறது. பெயரைக்கூட தகாஹாஷி சொந்த வாழ்க்கையிலிருந்துதான் எடுத்திருக்கிறார். அவர் டோக்கியோவில் கட்சுஷிகா பகுதிக்காரர், அவர் படித்த உயர்நிலைப் பள்ளியின் பெயர்ச் சுருக்கம்தான் நான்கட்சு. இன்றைக்கு அந்தப் பகுதித் தெருக்களில் சுபாசாவுக்குச் சிலையே இருக்கிறது.

அவர் இதை வரைய ஆரம்பித்தபோது ஜப்பானில் பசங்களின் விளையாட்டு என்றால் பேஸ்பால்தான். கால்பந்துக்கு அங்கே தொழில்முறை லீக் வந்ததே 1993ல். உலகக் கோப்பையில் முதன்முதலாக ஆடியது 1998ல். கதை அதற்கெல்லாம் பல வருடம் முன்னால், இரண்டு ஆரம்பப் பள்ளிகள் ஊர் மைதானத்தில் மோதுவதில் ஆரம்பித்து, உலகக் கோப்பையை ஜெயிக்கப் போகிறேன் என்று சொல்லும் ஒரு சின்னப் பையனைக் காட்டியது. அப்புறம் அது எங்கெங்கோ போனது. அரபு நாட்டுப் பிள்ளைகளுக்கு சுபாசாவின் பெயர் மாஜித், ஸ்பெயின் பிள்ளைகளுக்கு ஒலிவர். ஸ்பெயின் கால்பந்து வீரர் பெர்னாண்டோ டோரஸ் சின்ன வயதில் கால்பந்து ஆட வந்ததற்கு இதையும் காரணமாகச் சொல்லியிருக்கிறார். ஈராக்கில் சமாவா நகரத்தில் ஜப்பான் தற்காப்புப் படையினர் தண்ணீர் விநியோகித்தபோது லாரிகளில் சுபாசாவின் படத்தை ஒட்டிக்கொண்டு போனார்கள், பிள்ளைகளுக்கு உடனே அடையாளம் தெரியும் என்று.

ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நாற்பது வருடக் கதை, சொன்னால் தப்பில்லை. இரண்டுக்கு இரண்டு. சமன்.

அக்கா மகனால் நம்ப முடியவில்லை. "அப்போ யாரு சித்தி ஜெயிச்சா?" என்று கேட்டான். யாரும் ஜெயிக்கவில்லை என்றேன். "அப்போ யாரு தோத்தா?" அதற்கும் அதே பதில்தான். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே இருந்தான். இத்தனை எபிசோட் காத்திருந்தது என்னைக் கேலி செய்யத்தானே, அதற்கு வழியில்லாமல் போய்விட்டது. எனக்கும் அவனைக் கேலி செய்ய வழியில்லை.

நான் அந்த முடிவைக் கொண்டாடுகிறேன். எளிய வழி ஒன்று இருந்தது: ஏழைப் பள்ளி ஜெயிக்க, திமிர் பிடித்த பள்ளி மண்ணைக் கவ்வ, நாம் கைதட்டிவிட்டு எழுந்து போகலாம். அப்படி முடித்திருந்தால் ஷுடெட்சு பசங்கள் கெட்டவர்களாகவே நின்றிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இசாவா, கிசுகி, தாகி என்று மூன்று பேர் அந்த அணியில், மூவரும் சேர்ந்து ஏறி வந்தால் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். வகாபயாஷியின் திமிருக்குப் பின்னால் தினமும் செய்த பயிற்சி இருக்கிறது. சமனில் முடித்ததால் நான்கட்சுவுக்குக் கிடைத்தது அவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றுதான், சமம் என்கிற இடம். ஷுடெட்சுவோடு சமமாக நின்றதே இஷிசாகிக்குக் கோப்பை. அவன் முகத்தை அந்த நேரத்தில் பாருங்கள்.

இதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிது. தேசியப் போட்டிக்கு ஊர் சார்பாக ஒரே அணி போக வேண்டும். இரண்டு பள்ளியிலிருந்தும் பசங்களைத் தேர்ந்தெடுத்து நான்கட்சு எஸ்சி, அதாவது நான்கட்சு சாக்கர் கிளப், என்று ஒன்று உருவாகிறது. வகாபயாஷி அதில் கீப்பர். இசாவா, கிசுகி, தாகி எல்லாம் அதே சட்டையில். இஷிசாகியும் அதே சட்டையில்! நேற்று வரை இடத்துக்காக அடித்துக்கொண்டவர்கள் ஒரே இடத்தில் ஓடுகிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறார்கள்! இவன் எந்தப் பக்கம் திரும்புவான், அவன் எப்போது பந்தை விடுவான் என்று எதிராக ஆடியபோது படித்துவைத்த பாடம் எல்லாம் இப்போது கூட ஆடுவதற்கு உதவுகிறது. இந்தப் பகுதியைப் பார்க்கும்போது அந்த பஸ் நிறுத்தத்துப் பெண்தான் ஞாபகம் வந்தாள். எங்கள் இரண்டு பள்ளியையும் சேர்த்து யாராவது ஒரு அணி போட்டிருந்தால், அவள் சர்வீஸுக்கு நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கிளம்புவதற்கு முன்னால், அந்த அணி சேரும் எபிசோடைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். பார்த்தோம். வகாபயாஷி சுபாசாவின் அணியில் நிற்பதைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பி, "அப்போ நாமளும் ஒரே டீம்தானே சித்தி?" என்றான். ஆமாம் என்றேன். ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவன், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னும் ஒரே ஒரு எபிசோட் என்று மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டான். கீழே அக்கா வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள்.