டேப்பில் ஒரு பெருக்கல் குறி

நூல் வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஜாவா மொழியில், ஜன்னல்களையும் பொத்தான்களையும் வரைய உதவும் ஸ்விங் நூலகத்தை வைத்து எழுதியது. ஒவ்வொரு பில்லும் தனி டேப்பில் திறக்கும். டேப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதைத் தட்டினால் பில் மூடிக்கொள்ளும். அந்தக் குறியை எழுதிவைத்தவர் வேலையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஓடுகிற நிரலை யார் கிளறுவார்கள்? நானும் அதை எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு கடையில் ஜாவா 11-ஐ எடுத்துவிட்டு 17-ஐ நிறுவினேன். மறுநாள் காலையில் கடைக்காரர் அழைத்தார்: "தம்பி, பில் போட உட்கார்ந்தால் ஜன்னலே திறக்கவில்லை."

பதிவுக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. எங்கள் நிரல் எக்ஸெப்ஷன் வகைப் பிழைகளை மட்டும் பிடித்து எழுதிவைக்கும். வந்ததோ இல்லீகல் ஆக்சஸ் எரர். அது எரர் என்ற வேறு குடும்பம், வலைக்குள் சிக்காமல் போய்விட்டது. கட்டளைச் சாளரத்திலிருந்து இயக்கியபோதுதான் செய்தி தெரிந்தது: பெருக்கல் குறியை வரையும் எங்கள் கிளாஸ் (நிரலின் ஓர் அலகு), விண்டோஸ் தோற்றத்தில் டேப்புகளை வரையும் தன் பெற்றோர் கிளாஸான விண்டோஸ் டேப்டு பேன் யூஐயை அணுக முடியாது, ஜாவா டெஸ்க்டாப் மாட்யூல் அந்த பேக்கேஜை வெளியே தரவில்லை. கிளாஸ்கள் சேர்ந்தது பேக்கேஜ், பேக்கேஜ்கள் சேர்ந்தது மாட்யூல்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அது யாரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்த பப்ளிக் கிளாஸ்தானே! ஆனால் 2017-இல் வந்த ஜாவா 9 முதல் பப்ளிக் என்பது மட்டும் போதாது. கிளாஸ் இருக்கும் பேக்கேஜையும் மாட்யூல் ஏற்றுமதி செய்திருக்க வேண்டும். 15 வரை பழைய பேக்கேஜ்களுக்குச் சலுகை இருந்தது. 16-இல் தனியாகக் கேட்டால்தான் அது கிடைத்தது. 2021 செப்டம்பரில் வந்த 17-இல் சலுகையைத் திருப்பிக் கேட்கும் வழியையும் அடைத்துவிட்டார்கள். ஜாவா 11-இல் எங்கள் மென்பொருள் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் ஓடியது இந்தச் சலுகையின் தயவில்தான்.

கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். இயக்கும் கட்டளையில் ஆட் எக்ஸ்போர்ட்ஸ் என்ற தேர்வைச் சேர்த்து, அந்த பேக்கேஜைப் பெயரில்லா மாட்யூலுக்கு, அதாவது மாட்யூலாகப் பிரிக்காத எங்கள் நிரலுக்கு, திறந்துவிட்டேன். பில் ஓடியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைக்காரரின் மகன் டெஸ்க்டாப்பில் வேறொரு குறுக்குவழி செய்து வைத்திருந்தார். அதில் இந்தத் தேர்வு இல்லை. மறுபடியும் அழைப்பு. தேர்வை ஜாரின் (நிரலைக் கட்டிவைத்த கோப்பு) விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்புக்குள்ளேயே எழுதினால், ஜாரை நேரடியாக இயக்கும் எந்தக் குறுக்குவழியிலும் ஓடும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது மூல நிரலை 17-இல் தொகுப்பது. அவசரத்தில் ஆட் ஓபன்ஸ் என்ற வேறொரு தேர்வைக் கொடுத்தேன். தொகுக்கும்போது அதற்கு எந்தப் பயனும் இல்லை என்று தொகுப்பியே சொல்லிவிட்டது. ஆட் எக்ஸ்போர்ட்ஸ் கொடுத்தால், எந்த ஜாவா பதிப்புக்காகத் தொகுக்க வேண்டும் என்று சொல்லும் ரிலீஸ் தேர்வோடு சேர்ந்து அது வராது என்றது. ரிலீஸை எடுத்துவிட்டு சோர்ஸ், டார்கெட் என்று பழைய முறைக்குத் திரும்பினேன். என் கணினியில் தொகுந்தது. எங்கள் தொகுப்பு சர்வர் லினக்ஸ். அங்கே அந்த பேக்கேஜே இல்லை! விண்டோஸ் தோற்றத்துக்கான கிளாஸ்கள் விண்டோஸுக்கான ஜேடிகேயில் (ஜாவா நிரல் எழுதுவோருக்கான கருவித்தொகுப்பு) மட்டும்தான் வருகின்றன.

அன்றிரவுதான் பெருக்கல் குறிக்கான எங்கள் கிளாஸைத் திறந்து முழுதாகப் படித்தேன். நானூறு வரிகள். டேப்பை வரையும் மெத்தடை (கிளாஸுக்குள் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) மாற்றி எழுதி இரண்டு கோடுகள் போடுவதும், சுட்டி எந்தக் குறியின் மேல் இருக்கிறது என்று கணக்கிடுவதும்தான் மொத்த வேலை. ஸ்விங்கின் அடிப்படை டேப் கிளாஸான பேசிக் டேப்டு பேன் யூஐயை நீட்டிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அது ஏற்றுமதியான பேக்கேஜில் இருக்கிறது, அணுகல் சிக்கலே வராது. செய்து பார்த்தால் டேப்புகள் தொண்ணூறுகளின் தோற்றத்துக்குப் போய்விட்டன. கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

செட் டேப் காம்பொனெண்ட் அட் என்ற மெத்தட் ஜாவா 6-இலேயே வந்துவிட்டது. ஒரு பேனலில் பில் எண்ணும் ஒரு பொத்தானும் வைத்து டேப்பின் தலையில் உட்காரவைத்தால் போதும். யூஐ கிளாஸைத் தொடவே வேண்டாம். பேனலின் பின்னணியை ஒளிபுகச் செய்ய மறந்து, முதலில் சாம்பல் கட்டங்களாகத் தெரிந்தன. பொத்தானுக்குள் டேப்பின் எண்ணைச் சேமித்துவைத்தது அதைவிடப் பெரிய தவறு: இரண்டாவது பில்லை மூடியபின் நான்காவதை மூடினால் ஐந்தாவது மூடியது. தட்டும் நேரத்தில் இண்டெக்ஸ் ஆஃப் டேப் காம்பொனெண்ட் என்ற மெத்தடைக் கேட்டு எண்ணை வாங்கினேன், சரியானது. நானூறு வரிகள் போய் முப்பது வரிகள் வந்தன. மேனிஃபெஸ்டில் எழுதியதை அழித்தேன், ரிலீஸ் தேர்வும் திரும்பி வந்தது.

புதிய ஜாரை நிறுவிய அன்று மாலையே ஓர் அழைப்பு. பில் எண்ணின் மேல் தட்டினால் டேப் மாறவில்லையாம். எண்ணின் மேல் சுட்டியை வைத்தால் வாடிக்கையாளர் பெயர் தெரியட்டும் என்று நானாக ஒரு குறிப்புப் பெட்டி சேர்த்திருந்தேன்; அது சுட்டியின் தட்டல்களையும் தானே விழுங்கிக்கொண்டது. குறிப்பை டேப்புக்கே மாற்றிவிட்டேன். பெருக்கல் குறி முன்பைவிடச் சிறிதாக இருக்கிறது என்று கடைக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.