பல கை சேர்ந்து தைக்கும் குவில்ட்: கில்டின் கால் இன்ச் கணக்கு

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊர் எதுவானாலும் பக்கத்தில் ஒரு குவில்ட் கில்ட், அதாவது குவில்ட் தைப்பவர்களின் சங்கம், இருக்கும். சர்ச் ஹாலிலோ நூலக அறையிலோ மாதம் ஒருமுறை கூடுவார்கள். வருடச் சந்தா உண்டு. சேருவதற்கு முன் விருந்தாளியாக ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கப் பெரும்பாலும் விடுவார்கள். கூட்டம் நடக்கும் விதம் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வரவு செலவு, அறிவிப்பு, வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் பேச்சு, கடைசியில் அவரவர் முடித்த குவில்ட்டைத் தூக்கிப் பிடித்துக் காட்டும் ஷோ அண்ட் டெல். புதிதாக வருகிறவர்கள் கண்ணெடுக்காமல் பார்ப்பது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். என்னைக் கேட்டால், கில்டின் உயிர் ஹாலின் பின்பக்க மேசையில், சேவை குவில்ட் குழுவிடம் இருக்கிறது.

அந்த மேசையில் ஜிப் பைகளில் துணி வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு பைக்குள் ஒரு ப்ளாக்குக்கான, அதாவது மேல்துணியின் ஒரு சதுரத்துக்கான, துண்டுகளும் ஒரு குறிப்புத் தாளும் இருக்கும். விருப்பப்பட்டவர் எடுத்துப்போய்த் தைத்து அடுத்த மாதம் கொண்டுவருவார். இருபது வீட்டில், இருபது மெஷினில் தைத்த ப்ளாக்குகள் ஒரே குவில்ட்டாக வேண்டும். அது மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம், பெண்கள் காப்பகத்துக்குப் போகலாம், தீயில் வீடிழந்த குடும்பத்துக்குப் போகலாம். படைவீரர்களுக்கானதை நாடு முழுக்க ஒருங்கிணைப்பது குவில்ட்ஸ் ஆஃப் வேலர். மகன் இராக் போருக்குப் போயிருந்தபோது கேத்தரின் ராபர்ட்ஸ் 2003ல் தொடங்கிய அமைப்பு அது. அவர்களுடைய அளவு கறாரானது: குறைந்தது 55க்கு 65 இன்ச், மிஞ்சிப்போனால் 72க்கு 90. மூன்று அடுக்கையும் அங்கங்கே முடிச்சுப் போட்டு நிறுத்தினால் ஏற்கமாட்டார்கள், முழுக்கத் தைத்திருக்க வேண்டும்.

அளவு ஒன்றாக இருந்தால்தான் ஒருவரையொருவர் பார்த்தேயிராதவர்கள் சேர்ந்து ஒரு பொருளைச் செய்ய முடியும். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நேஷனல் மாலில் விரித்த எய்ட்ஸ் நினைவு குவில்ட்டில் 1,920 பேனல்கள் இருந்தன. தையல் அறியாதவர்கள் பெயின்ட் அடித்ததும் உண்டு, பசை போட்டு ஒட்டியதும் உண்டு. ஆனாலும் ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி என்பதால் எட்டைச் சேர்த்தால் 12 அடிச் சதுரம் கச்சிதமாக அமைந்தது. கில்டில் அந்த வேலையைச் செய்வது 12½ இன்ச் ப்ளாக். நான்கு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போனபின் 12 இன்ச்சாக நிற்கும்.

சிக்கலெல்லாம் அந்தக் கால் இன்ச்சில்தான். ஒரு வரிசைக்கு நான்கு சதுரம் வரும் ப்ளாக்கை எடுத்துக்கொள்வோம். 3½ இன்ச் சதுரம் நான்கு, மொத்தம் 14 இன்ச். நடுவில் மூன்று தையல், ஒவ்வொன்றும் அரை இன்ச் சாப்பிடும். மீதி 12½. இப்போது தைப்பவர் கால் இன்ச்சைவிட ஆசாரி கணக்கில் அரை நூல், அதாவது 1/16 இன்ச், கூடுதலாக உள்ளே தள்ளித் தைக்கிறார் என்று வையுங்கள். தையலின் இரண்டு பக்கமும் சேர்த்து 1/8 போகும். மூன்று தையலுக்கு 3/8. ப்ளாக் 12⅛ இன்ச்சாகச் சுருங்கிவிடும். தைத்தவர் கண்ணுக்கு அது எந்தக் குறையும் இல்லாத ப்ளாக். பக்கத்து வீட்டு ப்ளாக்கோடு சேர்க்கும்போதுதான் தெரியும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சரியாகக் கால் இன்ச்சில் தைத்தாலும் ப்ளாக் சின்னதாகத்தான் வரும். தையலை ஒருபக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடும்போது துணி மடங்கித் திரும்பும் இடத்தில் அதன் தடிமன் அளவுக்குக் கொஞ்சம் போய்விடுகிறது. அதனால் கால் இன்ச்சுக்கு ஓரிரு இழை குறைவாகத் தைக்க வேண்டும். மெஷினோடு வரும் கால் இன்ச் ஃபுட்டை, அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை, மாட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஊசி நிற்கும் இடம் மெஷினுக்கு மெஷின் மாறும். நூலின் தடிமனும் சேர்ந்துகொள்ளும். துண்டு சேர்க்க 50 எண் காட்டன் நூல், 80/12 ஊசி, தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

சோதிப்பது சுலபம். 1½ இன்ச் அகலப் பட்டை மூன்றை நீளவாக்கில் சேர்த்துத் தையுங்கள். தையலை வெளிப்பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டு நடுப் பட்டையை அளந்து பாருங்கள். முன்பக்கத்தில் அது சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும், மொத்த அகலம் 3½. நடுப் பட்டை 1 இன்ச்சுக்குக் குறைந்தால் தையல் உள்ளே போகிறது. ஊசியை ஒரு படி வலப்பக்கம், துணி ஓரத்தை நோக்கி நகர்த்துங்கள். ஊசி நகராத பழைய மெஷினில் தட்டின் மேல் டேப் ஒட்டி அதையே ஓரக்கோடாக வைத்துக்கொள்ளலாம். நடுப் பட்டை கூடினால் நேர்மாறாகச் செய்யுங்கள். ஒழுங்காக நடக்கும் கில்டில் சோதனைப் பட்டையைப் பையிலேயே வைத்துக் கொடுப்பார்கள். எல்லா கில்டும் இதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். மூன்று பட்டை துணியும் பத்து நிமிடமும்தான் செலவு.

தையல் சரியாக இருந்தும் ப்ளாக் கோணுகிறது என்றால் இஸ்திரியைப் பாருங்கள். சட்டைக்குத் தேய்ப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் துணி நீளும். பெட்டியை வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முக்கோணத் துண்டுகளில் இது இன்னும் மோசம். தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் மூலைவாட்டத்தில் வெட்டிய ஓரம் ஆவி பட்டதுமே இளகும். அதனால் பையில் முக்கோணங்களை வெட்டிக் கொடுக்கவே கூடாது. 4 இன்ச் சதுரம் இரண்டை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். அவற்றை 3½ இன்ச்சுக்குச் செதுக்கச் சொல்லுங்கள். கணக்குப்படி 3⅞ இன்ச் போதும். அந்த 1/8 கூடுதல் செதுக்குவதற்குத்தான், செதுக்கினால்தான் எல்லார் ப்ளாக்கும் ஒன்றாக இருக்கும். வெட்டுவதிலிருந்து செதுக்குவது வரை ஒரே ரூலரைப் பயன்படுத்துங்கள், கம்பெனிக்குக் கம்பெனி கோட்டின் தடிமன் மாறும்.

இத்தனை சொல்லியும் சின்ன ப்ளாக்குகள் வரத்தான் செய்யும். அவற்றைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை திருப்பிக் கொடுத்தால் அந்த அம்மா மறுபடி பை எடுக்கமாட்டார். வித்தியாசம் 1/8 இன்ச்சுக்குள் என்றால் பெரியதைக் கீழே, மெஷின் பல் பக்கம் வைத்து, நெருக்கமாக ஊசி குத்தித் தைத்தால் பல்லே மிச்சத் துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் இழுத்துப் பிடித்துத் தைக்காதீர்கள். குவில்ட்டின் நடுவில் குழிவிழும். ஒன்றிரண்டைத் தனியாகச் சரிசெய்தால் அவை மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். ஆகவே வந்த ப்ளாக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் 1½ இன்ச் பட்டையால் சட்டம் கட்டுங்கள். 12⅛ இன்ச் ப்ளாக்கும் சட்டத்தோடு 14 இன்ச்சைத் தாண்டிவிடும். பிறகு அத்தனையையும் 13½ இன்ச்சுக்கு வெட்டிவிடலாம். தைத்தபின் 13 இன்ச். குறுக்கே நான்கு, நீளத்தில் ஆறு என்று 24 ப்ளாக் வைத்தால் 52க்கு 78. சுற்றிலும் 2 இன்ச் பார்டர் சேர்த்தால் 56க்கு 82, படைவீரர் குவில்ட்டின் அளவுக்குள் வந்துவிடும். சட்டம் கட்டிய குவில்ட்டைப் பார்க்கிறவர்கள் அதைத் திட்டமிட்ட அழகு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பார்டரில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. நீளமான பட்டையை ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டே போய் முடிவில் மிச்சத்தை வெட்டுவது. ஓரம் தெரியாமலே நீண்டு, தரையில் விரித்தால் அலை அலையாக நிற்கும். லாங்ஆர்மில், அதாவது மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் பெரிய மெஷினில், ஏற்றும்போது அந்த அலை மடிப்பாக மாறிவிடும். குவில்ட்டின் நடுவிலும் இரு ஓரத்துக்குப் பக்கத்திலும் மூன்று இடத்தில் அளந்து, சராசரி எடுத்து, அந்த நீளத்துக்குப் பட்டையை முன்கூட்டியே வெட்ட வேண்டும். பட்டையையும் குவில்ட்டையும் நான்காக மடித்து அடையாளம் வைத்து, அடையாளத்தோடு அடையாளம் சேர்த்து ஊசி குத்துங்கள்.

துணியைப் பற்றி நம்மவர்கள் கேட்பது, பழைய காட்டன் புடவையைப் பையில் சேர்க்கலாமா என்பது. பலரும் சேர்ந்து தைக்கும் குவில்ட்டில் வேண்டாம் என்பது என் கருத்து. குவில்ட் காட்டனைவிடப் புடவை மெல்லிசு, அடுத்திருக்கும் தடித்த துணி அதை இழுத்துக் கிழிக்கும். புடவை மட்டுமே வைத்துத் தனிக் குவில்ட் தைத்தால் அருமையாக வரும். சாயம் வேறு கவலை. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடைகளில், துவைக்கத் துவைக்கச் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை விற்றார்கள். அந்த மாதிரித் துணியும் அடர் சிவப்பும் கருநீலமும் வெட்டுவதற்கு முன்பே துவைத்தாக வேண்டும். வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைச் சேர்த்து ஊறவையுங்கள், அது வெள்ளையாகவே இருக்கும்வரை அலசுங்கள். முடிந்த குவில்ட்டில் சாயம் இறங்கினால் டிரையர் பக்கமே போகாதீர்கள், சூட்டில் கறை நின்றுவிடும். நிறையத் தண்ணீரில் ஊறவைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

தைத்து முடித்த மேல்துணி லாங்ஆர்ம் மெஷின் வைத்திருக்கும் உறுப்பினரிடம் போகும். பெரும்பாலும் அவர் காசு வாங்காமல் செய்கிறார், அவருடைய நேரத்தை மதித்துச் சரியாகத் தயார் செய்து கொடுப்பது கில்டின் கடமை. அடித்துணியும் நடுவில் வைக்கும் பேட்டிங்கும் ஒவ்வொரு பக்கமும் 4 இன்ச் வெளியே நீட்டியிருக்க வேண்டும். 56க்கு 82 மேல்துணி என்றால் அடித்துணி 64க்கு 90. சாதாரண 42 இன்ச் துணியில் 90 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு, 5 கஜம். நடுவில் சேர்க்கும்போது துணிக் கரையை வெட்டி எறிந்துவிடுங்கள். கரை நெருக்கமாக நெய்திருப்பதால் துவைத்தபின் அந்த வரி மட்டும் சுருக்கு விழும். 108 இன்ச் அகலத் துணி கிடைத்தால் 2 கஜம் போதும், இணைப்பே வேண்டாம். பேட்டிங்கின் பையில் தையல் வரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று போட்டிருக்கும். அதை மீறினால் பத்துத் துவைப்பில் பஞ்சு ஒருபக்கம் ஒதுங்கிவிடும்.

ஓரம் கட்டும் பைண்டிங்குக்குச் சுற்றளவு 276 இன்ச். மூலை மடிப்புக்கும் முடிவில் சேர்க்கவும் 12 கூட்டினால் 288. 2½ இன்ச் பட்டை எட்டு வெட்டினால் சரியாக இருக்கும், ⅝ கஜம் வாங்குங்கள்.

கொடுப்பதற்கு முன் துவைத்தே கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போவதை வாசனையில்லாத சோப்பில். வளர்ப்புப் பிராணி உள்ள வீட்டில் தைத்தது என்றால் இரண்டு முறை அலசுவது நல்லது. குழந்தைகளுக்கானதில் பட்டன், மணி, தொங்கும் நூல் எதுவும் கூடாது. இன்குபேட்டர் மேல் போர்த்தும் அளவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், தைப்பதற்கு முன்பே அங்கே கேட்டுவிடுங்கள். தைத்துவிட்டுப் போய் நின்றால் வாங்க முடியாது என்று சொல்லவேண்டிய சங்கடம் நர்ஸுக்கு.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால், சந்தா போக ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் குவில்ட் கண்காட்சியும், அதில் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கும் ஒரு பெரிய குவில்ட்டும்தான். குலுக்கலுக்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, அனுமதி வேண்டுமா என்று பார்க்காமல் சீட்டு அச்சடிக்கக் கூடாது. வயதான உறுப்பினர் இறந்தபின் குடும்பத்தார் கொண்டுவந்து தரும் துணிக் குவியலை மேசை போட்டு விற்பதும் உண்டு. அந்தத் துணியில் நல்லதைச் சேவைக் குழுவுக்கு முதலில் ஒதுக்கும் கில்டுகளைக் கண்டால் எனக்கு மதிப்பு கூடுகிறது.

முதல் கூட்டத்துக்குப் போகிறவர்கள் வேறெதுவும் கொண்டுபோக வேண்டியதில்லை. பின்பக்க மேசைக்குப் போய் ஒரு பை வாங்குங்கள். வீட்டில் பட்டைச் சோதனையை முடித்துவிட்டு ப்ளாக்கைத் தையுங்கள். பெயரை பெயின்டர் டேப்பில் எழுதி முன்பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள், குண்டூசியில் குத்திய காகிதம் வழியில் விழுந்துவிடும். ப்ளாக் 12½ இன்ச் வரவில்லையென்றால் ஒளிக்காமல் அந்த டேப்பிலேயே உண்மையான அளவை எழுதிவிடுங்கள். சேர்த்துத் தைப்பவருக்கு அரை மணி நேர வேலை மிச்சம்.